சனிக் கிரகத்தை நேராகப் பார்த்தவள்

தம்பி, இதை ஆபீஸில் நின்றுகொண்டே பிரித்துப் படிக்காதே. அறைக்குப் போய், கை கால் கழுவிவிட்டு, ஒரு டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. உன் அம்மா ஒரு பக்கத்தில் முடிக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பொதுப்பணித் துறையில் இத்தனை வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியதில் எதை எழுதினாலும் நகல் எடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இதற்கும் ஒரு நகல், என் துணுக்குகளை அவ்வப்போது போடுகிற அந்த மாதப் பத்திரிகைக்குப் போகிறது. அச்சில் வந்துவிட்டால் நாளைக்கு நான் நினைத்தாலும் மாற்றிப் பேச முடியாது. என்னைப் போன்ற ஆளுக்கு அந்தக் கட்டு வேண்டும்.

விஷயம் இதுதான். அண்டார்டிகாவில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்றரை வருஷம் தங்கி வயர்லெஸ் பார்க்க உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து வந்து நீ சொன்னாய். நான் அழுதேன். "போகலம்மா, விடு" என்று சொல்லிவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டாய். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டும். உன் வாயிலிருந்து நான் பிடுங்கின அந்தப் 'போகல'வை உன்னிடமே திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கடிதம். அதைக் கொடுக்க நான் ஒரு சினிமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சிரிக்காதே. நம் வீட்டில் எது சினிமாவில் ஆரம்பிக்கவில்லை?

நீ நாலாவது படிக்கும்போது காரைக்காலுக்கு 'சனிக் கிரகத்தில் ஒரு சந்திப்பு' வந்தது. மற்ற ஊரில் அது ஒரு ராக்கெட் படம், அவ்வளவுதான். நம் ஊர் சங்கதி வேறு. சுரக்குடியில் இருக்கிற நமக்குச் சனி என்றால் ஆகாயத்தில் எங்கேயோ சுற்றுகிற உருண்டை இல்லை, கூப்பிடு தூரத்தில், திருநள்ளாற்றில் குடியிருக்கிற பெரிய மனிதர். அவர் வீட்டுக்குள் ஒருத்தன் பூட்ஸ் காலோடு நுழைகிறான் என்று போஸ்டர் ஒட்டினால் ஊர் சும்மா இருக்குமா? தியேட்டர் மேனேஜர் விவரமானவர். 'ஸ்ரீ' என்று தனியாக அச்சடித்துப் படத்தின் பெயருக்கு முன்னால் எல்லாப் போஸ்டரிலும் ஒட்டிவிட்டார். திரைக்குக் கீழே ஒரு நல்லெண்ணெய் விளக்கு. சனிக்கிழமைதோறும் விசேஷக் காட்சி. நளன் குளத்தில் முழுக வருகிற வெளியூர்க்காரர்கள் தரிசனத்துக்கு முதல் நாளே வந்து படத்தைப் பார்த்தார்கள். தரிசனம் ஆனபிறகு வேறெங்கும் நுழையாமல் வீடு போய்ச் சேர வேண்டுமே! காரைக்காலில் புட்டியில் கிடைக்கிற வேறு ஒரு வசதியும் உண்டு என்பதால், அவர்களில் பாதிப் பேர் கிரகத்துக்கு இரண்டு வளையம் இருந்ததாக ஊரில் போய்ச் சொன்னார்கள் என்று கேள்வி.

நம் வீட்டிலிருந்து நான், நீ, உன் அப்பா, உன் அத்தை. அத்தையை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, பத்திரிகை படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடு இருப்பவர், தங்கமான மனுஷி, உலகத்தில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் தெரிந்தவர். ராக்கெட் கிளம்பியதும் உன் அப்பா தூங்கிவிட்டார். முதல் நாள் நடவு. அவரைக் குறை சொல்ல முடியாது. படத்தையும் ரொம்ப மெச்ச முடியாது. ராக்கெட்டுக்குள்ளே இருந்த நாற்காலி, நம் ஊர் டவுன் பஸ் நாற்காலியேதான், கம்பி உட்பட. கிரகத்து ராணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழில் கதாநாயகனை மிரட்டினாள். அவனுக்கோ ராக்கெட் ஓட்டுவதைவிட மீசையைச் சரிசெய்கிற வேலை அதிகம். பூமியில் அவன் தாய் வாசல் தூணைக் கட்டிக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு அழுதாள். அழுது அழுது அவளுக்குக் கண் போய்விட்டது. என் பங்குக்கு நானும் முந்தானையை நனைத்தேன்.

இடைவேளைக்கு அப்புறம்தான் அது நடந்தது. ராக்கெட்டின் கண்ணாடி வழியாகச் சனிக் கிரகம், வளையத்தோடு, திரை முழுக்க வந்து நின்றது. பித்தளைத் தாம்பாளத்துக்கு நடுவில் ஒரு பந்தை ஒட்டியிருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், நேராக உட்காராதீங்க, ஒதுங்குங்க என்றது. சொன்னவர் யாரோ, அரங்கமே எழுந்துவிட்டது. பகவானுக்கு நேரெதிரே நிற்கக் கூடாது, ஒருபுறமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும் என்று தொட்டில் பருவத்திலிருந்து கேட்ட ஜனங்கள் அல்லவா? பாதிப் பேர் இடது பக்கம், பாதிப் பேர் வலது பக்கம். ஒரு நாற்காலியில் இரண்டு பேர், ஒரு மடியில் மூன்று பிள்ளைகள். சுவரோரம் மனிதர்கள் அப்பிக்கொண்டு நிற்க, நடுவில் அத்தனை நாற்காலியும் காலி. அந்தக் காலி மைதானத்தில் நாம் மட்டும். உன் அப்பா தூக்கத்தில், நீ நாற்காலி நுனியில், அத்தை எழுந்து நின்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

"நேராப் பாக்காதடி. புள்ள மேல வந்து விழும்" என்றார்.

"நீங்க ஒதுங்கிக்கங்க அண்ணி. எனக்கு இங்கேருந்துதான் நல்லாத் தெரியுது" என்றேன்.

என் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணியை நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. வீரம் ஒன்றும் இல்லை, படம் பார்க்கிற ஆசை. அவர் உன்னையாவது இழுத்துப் போகலாம் என்று பார்த்தார். நீ நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வரவே இல்லை. அத்தை சுவரோரம் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது கதாநாயகன் கதவைத் திறந்து ஏணியில் இறங்கினான். அதுவரை காதைக் கிழித்த சங்கீதம் சட்டென்று நின்றது. அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது. இடது ஓரத்திலிருந்து ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கச் சொல்லி அவனுக்கு அறிவுரை சொன்னார். அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் படியில் அவன் கால் தயங்கியது, அப்புறம் மண்ணைத் தொட்டது. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். உன் கால் இரண்டும் தரையை எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மட்டும் மெல்லக் கீழே நீண்டது. அப்பா விழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் திரையைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

அதன்பிறகு படம் மறுபடி படமாகிவிட்டது. சண்டை, ராணி மனம் மாறுதல், பூமிக்குத் திரும்புதல், தாய் மகன் முகத்தைத் தடவியதும் பார்வை வருதல். சுவரோரம் நின்ற காரைக்கால் மொத்தமும் மூக்கைச் சிந்தியது. அத்தைக்கு மட்டும் பிடிக்கவில்லை. அன்று தொட்டு நம் வீட்டில் எது கெட்டாலும் அதற்குக் காரணம் நான் நேராகப் பார்த்ததுதான். பம்புசெட் மோட்டார் எரிந்தது, சிவப்புப் பசு பால் மறத்தது, எனக்குப் பதவி உயர்வு தள்ளிப் போனது, நீ கணக்கில் வாங்கிய மார்க்கு, எல்லாம். அந்த மார்க்குக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை நீ ஒத்துக்கொள்வாய்.

படம் ஊரைவிட்டுப் போய்ச் சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் அதே பெயரில் ஒரு மாத நாவல் தொங்கியது. படத்துக்குக் கதை எழுதியவரே அதை நாவலாகவும் எழுதியிருந்தார். நான் பறந்துபோய் வாங்கினேன். அட்டையில் சனிக் கிரகம், வளையமும் அதுவுமாக. அத்தை வாசலிலேயே மறித்துவிட்டார். சனி பகவான் படத்தை வீட்டுக்குள் மாட்டுகிற வழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லைதான். அட்டையைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். கிழித்தால் அது அதைவிடப் பாவம் என்றார். ஆகவே அந்தப் புத்தகம் நம் வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. என் ஆபீஸ் மேஜையின் கீழ் இழுப்பறையில், பழைய டெண்டர் காகிதங்களுக்கு அடியில் இன்றுவரை குடியிருக்கிறது. எங்கள் செக்‌ஷனில் அதைப் படிக்காதவர் கிடையாது. எங்கள் சூப்பரிண்டெண்டு, தான் சினிமாவே பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர், படத்தில் இந்த இடத்தில் ஒரு பாட்டு வருமே என்று வாய் தவறிக் கேட்டு மாட்டிக்கொண்டார்.

புத்தகம் எப்படி இருந்தது என்றால், தம்பி, எனக்குக் கோபமும் சந்தோஷமும் ஒரே சமயத்தில் வந்தன. ராணி இல்லை. மீசை இல்லை. பாட்டு இருக்காது என்பது சரி, சண்டையாவது வைத்திருக்கலாம். பக்கம் பக்கமாக விளக்கம். வளையம் என்பது முழுக்கப் பனிக்கட்டியும் தூசியும்தானாம். கிரகத்தில் மண்ணே கிடையாதாம், நிற்கவே முடியாதாம். அப்படியானால் படத்தில் அவன் இறங்கியது எதன்மேல் என்று நான் இழுப்பறையைப் பார்த்துச் சண்டை போட்டேன். புத்தகத்தில் அவன் இறங்குவது அதன் நிலா ஒன்றில். அந்த இறங்குகிற இடம் எப்படி வருகிறது என்று ஆவலோடு பக்கத்தைத் திருப்பினால், 'அவன் இறங்கினான்' என்று இரண்டே வார்த்தை. என் மூச்சை நிறுத்திய இடத்தை அந்த மனுஷன் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் மாதிரி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் படத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் அதில் இருந்தது. ராக்கெட் பழுதாகி அவன் அங்கேயே தங்க நேர்கிறது. பூமியிலிருந்து எந்தப் பதிலும் வருவதில்லை. ஆனாலும் தினமும் வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன பார்த்தேன் என்று சொல்கிறான். பனி என்ன நிறத்தில் இருந்தது, கருவியின் எந்தத் திருகு இறுகிப்போனது, எதற்காகத் தனியாகச் சிரித்தான் என்று. கேட்கிறவர் உண்டா இல்லையா என்று தெரியாமலே, சரியாகவும் தெளிவாகவும் சொல்கிறான். பள்ளிக்கூடம் விட்டு என் ஆபீஸுக்கு வந்து மேஜைக்கடியில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத்தான் நீ படித்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் ஒரு காலி டப்பாவை வாயில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகை நிலவரத்தை உலகத்துக்கு அறிவித்தாய். "சிவப்புப் பசு படுத்திருக்கிறது. மூக்கில் ஈ. ஓவர்." நீ வயர்லெஸ் படிக்கப் போனபோது உன் அப்பா ஆச்சரியப்பட்டார். நான் படவில்லை. அந்தத் தாம்பாளம்தான் உன்னை இடத்தைவிட்டுக் கிளப்பியது. போன இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கற்றுக்கொடுத்தது, பாட்டில்லாத அந்தச் சவசவப் புத்தகம்.

புத்தகத்தின்மேல் எனக்கு இருந்த பெரிய குறை வேறு. அவனுடைய தாய். படத்தில் எத்தனை பாட்டு அவளுக்கு! புத்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், முழுசுக்கும் சேர்த்து ஒரு வரி: 'அவன் தாய் நலமாக இருந்தாள், தினமும் வேலைக்குப் போய் வந்தாள்.' படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மகன் வேற்றுக் கிரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான், இவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாளாமே, இவளெல்லாம் ஒரு தாயா என்று செக்‌ஷனில் எல்லோரிடமும் கேட்டேன். இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருவோம். நீ செய்தியைச் சொன்னதும் உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அன்றைக்கு நாற்காலி நுனியில் இருந்த அதே முகம். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும், போய்க் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற வயிறு, கண் மூடுவதற்குள் ஒருமுறை, இந்தக் கொள்ளியை யார் என்று ஒரு வசனத்தையும் விடவில்லை. எனக்கு நாற்பத்தைந்துதான் ஆகிறது, பல்லெல்லாம் கெட்டியாக இருக்கிறது, கொள்ளிக்கு இப்போது என்ன அவசரம்? அத்தை தன் பங்குக்கு, உனக்கு ஏழரை நடக்கிறது, அன்றைக்கு நேராகப் பார்த்ததன் பலன்தான் இப்படிப் பனியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது என்றார். நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் முகத்தில் விளக்கை அணைத்த மாதிரி ஆனது. "போகலம்மா, விடு" என்றாய். எனக்கு உடனே அழுகை நின்றுவிட்டது. அவ்வளவு சுருக்காக நின்றது எனக்கே சந்தேகமாக இருந்தது.

நீ பஸ் ஏறினபிறகு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த உன் அப்பா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நல்லாத்தான் அழுத. அந்தப் படத்துல வர்ற அம்மா தோத்துது."

முழுப் படமும் தூங்கின மனுஷன் இதை மட்டும் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்தேன். அவன் எதையும் நினைத்துக் கலங்காமல் திருகைப் பற்றியும் பனியைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல முடிந்தது எப்படி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஊரில் ஒருத்தி கண் போகாமல் இருந்தாள், அதனால்தான். அவள் அழவே இல்லை என்று எழுதியவர் சொல்லவில்லை. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டுகூட வேலைக்குப் போயிருக்கலாம். அதை எழுதாமல் விட்டது அவளுக்குச் செய்த மரியாதை போல இருக்கிறது. அது இருக்கட்டும், 'அவன் இறங்கினான்' என்று எழுதியதற்கு அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அத்தையிடம் அன்று சாயங்காலமே பேசினேன். தர்க்கம் பண்ணவில்லை, அவரோடு தர்க்கம் பண்ணி ஜெயித்தவர் இந்த ஜில்லாவில் இல்லை. அண்டார்டிகா எப்படி இருக்கும் என்று மட்டும் நீ சொன்னதைச் சொன்னேன். மாதக்கணக்கில் அங்கே சூரியன் உதிக்காது என்றதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"சூரியனே தல காட்டாதா?"

"ஆமாம் அண்ணி. ஒரே இருட்டாம்."

முறத்தை மடியில் வைத்தார். "அப்ப ஒண்ணும் பயமில்ல. சூரியன் அப்பன், பகவான் மவன். அப்பனுக்கும் மவனுக்கும் ஆகாது. அப்பன் மூஞ்சியில முழிக்க வேணாத ஊருன்னா பகவான் அங்க ஏன் கோவமா இருக்கப்போறாரு? போயிட்டு வரட்டும், கம்பளி மட்டும் நல்லதா வாங்கச் சொல்லு" என்று மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டார். ஏழரை நடக்கிறவர்களை எல்லாம் பனிக்கட்டிக்கு அனுப்பலாம் என்று நேற்று வரிச்சிக்குடி வரைக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கேயிருந்து இரண்டு பேர் விவரம் கேட்டு வந்துவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் உன் அம்மா இல்லை. நேற்று மத்தியானம் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தந்தி ஆபீஸுக்குப் போனேன். உன் பெயரில், அந்த வேலைக்குச் சம்மதம் என்று நானே தந்தி எழுதிவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் நம் ஊர் விவகாரம் முழுக்க அறிந்தவர். வார்த்தைகளைப் பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்தவர், பெயர் வந்ததும் நிறுத்தினார். "ஏம்மா, போறது நீங்களா, தம்பியா?" என்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. சனிக்கிழமை உன்னைப் போகவில்லை என்று சொல்ல வைத்தேன், செவ்வாய்க்கிழமை போகிறேன் என்று சொல்ல வைக்கப் பார்க்கிறேன். இரண்டிலும் பேசியது நான்தானே? தந்தியை வாங்கிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இதை எழுத உட்கார்ந்தேன். தபால் வண்டியைப் பிடித்தால் நாளைக்கு உன் கையில் இருக்கும்.

ஆகவே, தம்பி, உன் பதிலை நீ எழுது. உனக்கே விருப்பமில்லை என்றால் மறுத்துவிடு, ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்டாலும் அத்தையை விட்டுத்தான் கேட்பேன். ஆனால் அம்மாவுக்காக என்று ஒரு காரணத்தை அதில் எழுதாதே, அது இப்போது செல்லாது. போவதென்றால், உனக்குச் சொல்ல என்னிடம் இரண்டு மூன்று விஷயம் உண்டு. உன்னோடு தங்கப்போகிறவர்களில் ஒருவன் ஓயாமல் பேசுவான், எல்லா இடத்திலும் ஒருவன் உண்டு, அவனிடம் கோபித்துக்கொள்ளாதே. நானும் ஓயாமல் பேசுகிறவள், அனுபவத்தில் சொல்கிறேன், அவனுக்குப் பயம் அதிகம். ஊறுகாயை யாருக்கும் தெரியாமல் தனியாகச் சாப்பிடாதே. சண்டை வந்தால் அன்றைக்கே போட்டுவிடு, வெளியே நடந்துபோய் ஆறிவிட்டு வரலாம் என்றால் அங்கே நாற்பது டிகிரி குளிர். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை நான் எண்ணி எடுத்துக் கொடுக்கிறேன். அவர் ஒளித்துவைத்த வெல்லத்தையும் கண்டுபிடித்துவிட்டேன்.

கப்பலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வருவாய் அல்லவா? மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட நாங்கள் மூன்று பேரும் வருவோம். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: நான் பஸ் ஸ்டாண்டில் அழுவேன். ஒன்றிரண்டு வசனமும் வரலாம், பழக்கம் சட்டென்று போகாது. அதைப் பார்த்துவிட்டு நீ இறங்கிவிடாதே. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து சில்லறையைத் தேடு. கண்டக்டர் விசில் கொடுப்பார், வண்டி கிளம்பிவிடும். நான் அங்கேயே குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆபீஸுக்குப் பொடிநடையாகப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா